பேசாமல் செய்த பெட்டிகள்

அந்தச் சந்தில் அவர்களுக்குப் பெட்டிக்காரர், பெட்டிக்காரம்மா என்றுதான் பெயர். தபால்காரர்கூட உறையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல், "பெட்டிக்காரம்மா, தபால்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போவார். டயர் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய இரண்டறை வீடு. முன்னறை பட்டறை, பின்னறை சமையலுக்கும் படுக்கைக்கும். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு வருடம் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், சேர்ந்து உட்கார்ந்து பெட்டி செய்தார்கள்.

சண்டைக்கார வீடு என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. சண்டை போடவும் பேச வேண்டுமே.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோட்டு தைக்கும் கூடம் ஒன்றில் தாள் வெட்டுகிறவளாக இருந்தாள். கைக்கு ஒரு தாள், கழுத்துப்பட்டிக்கு ஒரு தாள், சட்டைப்பை மூடிக்கு ஒரு தாள் என்று பழுப்புத் தாளில் அளவு வரைந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். ஏழு வருடம் அதையே செய்ததில், ஒரு வளைவைப் பார்த்ததும் அது எங்கே போய் முடியும் என்று அவளுடைய கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவர் சுவர்க் கடிகாரத்துக்கு மரக்கூடு செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். ஒரே மாதிரி கூட்டைச் செய்து செய்து அலுத்துப்போய், கல்யாணமான இரண்டாம் வருடம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டார். நகை வைக்கவும் கடிதம் வைக்கவும் ஆகிற மாதிரி சின்னச் சின்ன மரப்பெட்டிகள். மூலைகள் விரல் கோத்தது போலப் பொருந்தியிருக்கும். மூடியை மூடினால் காற்று மெதுவாக வெளியேறும் சத்தம் கேட்கும். அத்தனை நேர்த்தி இருந்தும் கடைக்காரர்கள் வாங்கவில்லை. மொட்டையாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்தவள், கழித்துப்போட்ட மரத்தகடுகளைப் பொறுக்கி ஒரு மூடியின் மேல் பரப்பிப் பார்த்தாள். கறுப்பு மரத்தில் அரை வட்டம் ஒன்று. அதை வெட்டிக்கொண்டு போகிற வெளுத்த கோடு. பக்கத்தில் கோட்டுச் சட்டையின் தோள்பட்டை மாதிரி ஒரு வளைவு. அவர் இழைப்புளியை வைத்துவிட்டு வந்து நின்றார்.

"இது என்ன?"

"தெரியல. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. என்னன்னு கேப்பாங்களே."

"வாங்குறவங்க இஷ்டம்னு சொல்லுங்க."

கேட்கத்தான் செய்தார்கள். "ஒரு பூ, ஒரு மயில் போடக்கூடாதாம்மா? தட்டு உடைஞ்சு கிடக்குற மாதிரி இருக்கே" என்றார் முதலில் பார்த்த கடைக்காரர். ஆனால் அந்தப் பெட்டி ஒரு வாரத்தில் விற்றுப்போனது. உடைந்த தட்டு மாதிரி இன்னும் இரண்டு வேண்டும் என்று அவரே ஆள் அனுப்பினார்.

அப்படித்தான் மூடியில் தகடு பதிக்கும் வேலை அவள் கைக்கு வந்தது. அட்டை கனத்துக்குச் சீவிய இரண்டு நிற மரத்தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நூல் மாதிரியான வாளால் ஒரே வெட்டாக வெட்டுவாள். ஒன்றிலிருந்து எடுத்த துண்டு மற்றதன் பள்ளத்தில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்காரும். பிறகு பெட்டியின் மேல் சூடான பசையைத் தடவி, தகட்டை வைத்து, அழுத்துப்பொறியில் கொடுத்துத் திருக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பொறிக்கு இரண்டு பக்கமும் இரண்டு திருகு. ஒரு பக்கம் முந்திக்கொண்டால் தகடு வழுக்கிப் போய்விடும். அதனால் எதிரெதிரே நின்று, "அரை", "அரை" என்று மாறி மாறிச் சொல்லி ஆளுக்கு அரைச் சுற்றாகத் திருகுவார்கள். சந்தில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது.

ஒரே மகள். தவழும் வயதில் பட்டறைத் தரையில் கிடக்கும் மரச்சில்லை வாயில் போட்டுக்கொண்டதால் சில்லு என்று பேராகி, அதுவே நிலைத்துவிட்டது. பத்தொன்பது வயதில் மருந்துக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வாய் ஓயாது. அம்மா வரைந்து வைத்த எதைப் பார்த்தாலும் ஒரு கேலி. அந்த வருடம் கண்காட்சிக்கு என்று ஒரு பெரிய பெட்டி செய்தார்கள். இருண்ட அக்ரூட் மரம். மூடியில் எலும்பு நிறத்தில் ஏழு வளைவுகள், அவற்றுக்கு நடுவில் இடம் தவறி உட்கார்ந்தது போல ஒரு கருங்காலி வட்டம். ஒட்டுவதற்கு முன்னால் பரப்பி வைத்திருந்ததைச் சில்லு சாய்ந்தும் குனிந்தும் பார்த்துவிட்டு, "ஏம்மா, பல் டாக்டர் வீட்டுக்கா இது?" என்றாள். பெட்டிக்காரர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது.

அந்த மூடிக்குப் பசை போட்ட நாள் காலையில் சில்லு வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாளாக வயிற்று வலி. கடையிலிருந்து தானே ஏதோ மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டு சமாளித்தவள், அன்றைக்குக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பெட்டிக்காரம்மா உள்ளே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா? மூஞ்சியே சரியில்ல."

அவர் கையில் பசைத் தூரிகை. மூடி முழுக்கத் தடவியாகிவிட்டது. "இப்ப விட்டா அத்தனை தகடும் சுருண்டுக்கும். மூடியை மட்டும் பொறியில பிடிச்சுட்டு உடனே கிளம்பிடலாம்."

உள்ளேயிருந்து சில்லுவும், "முடிச்சுட்டே வாங்கம்மா, உசுரு போகாது" என்றாள்.

மூடியைப் பிடித்தார்கள். அரை, அரை. திருகி முடித்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து நெளிந்துகொண்டிருந்த பெண் அசையாமல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் தளர்ந்திருந்தது. பெற்றவளுக்கு மனசு லேசாகிவிட்டது. வெளியே வந்து சொன்னாள்:

"தூங்கிட்டா. பசை சூடாத்தானே இருக்கு, கையோட நாலு பக்கத்தையும் பிடிச்சுடலாம்."

நான்கு பக்கங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. குடல்வால் உள்ளேயே வெடித்தால் கொஞ்ச நேரம் வலி அடங்கியது போல இருக்கும் என்பது அவளுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு டாக்டர் அதைச் சொன்னார். மூன்றாம் நாள் காலை, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று அதே டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தா பெஞ்சில் வேற்று மனிதர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்க பசைதான் என் புள்ளையக் கொன்னுச்சு. நல்லா இருங்க."

அவர் வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார், நாலு பக்கத்தையும் பிடிக்கச் சொன்னது நீதானே என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மூடியதுதான். அன்றிலிருந்து அவளோடு அவர் பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பி எத்தனையோ நாள் கழித்து அவர் பொறியைக் கழற்றினார். மூடியில் ஒரு கொப்புளம் இல்லை, ஒரு விளிம்பு தூக்கவில்லை. அவர்கள் செய்ததிலேயே அதுதான் பிசகில்லாத பெட்டி. அதை மெருகேற்றி யாரிடமோ கொடுத்துவிட்டார். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. அவர் பட்டறைத் தரையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த ஸ்டூலில் வைப்பாள். கழுவிய தட்டு அதே ஸ்டூலுக்கு வரும்.

நான்கு மாதம் வேலை இல்லை. ஒருநாள் காலையில் அவளுடைய மேசை மேல் ஒரு பெட்டி இருந்தது. வெறும் பெட்டி. மூடியின் மேல் பென்சிலால் நீள அகலம் மட்டும் எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாளை எடுத்துப் புது இழை மாட்டினாள். வேறு என்ன செய்வது, கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பசை போடும் நாளில் இருவரும் பொறியின் இரண்டு பக்கம் நின்றார்கள். அரை என்று யாரும் சொல்லவில்லை. அவர் தன் பக்கத்தைத் திருகிவிட்டு விரல் மொட்டியால் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் தன் பக்கத்தைத் திருகிவிட்டு ஒரு தட்டு. அதற்குப் பிறகு பதினோரு வருடமும் அதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய அக்கா வருவாள். புருஷன் போய், மகன்கள் தூரதேசம் போய், பேச ஆளில்லாமல் தவிக்கும் மனுஷி. இந்த வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். நாத்தனாரைப் பெட்டிக்காரம்மா அண்ணி என்று கூப்பிடுவாள்.

"அண்ணி, வெளுப்பு மரம் தீர்ந்து போச்சுன்னு சொல்லுங்க."

"டேய் தம்பி, வெளுப்பு மரம் தீர்ந்து போச்சாம். ஏன்டா, நாலடி தள்ளி உக்காந்திருக்கா, உன் காது என்ன தபாலாபீசா, நான் கொண்டுவந்து போட்டாத்தான் உள்ள போகுமா?"

"புதன்கிழமை வரும்னு சொல்லுக்கா."

"புதன்கிழமை வருமாம். இந்த வேலைக்கு எனக்கு ஒரு பெட்டியாவது கொடுங்கடா." சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எத்தனையோ தடவை தனித்தனியாக இருவரையும் பிடித்துக் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். தம்பி எழுந்து போய்விடுவார். இவள், "அவர் பேசட்டும், நானும் பேசுறேன்" என்பாள். அவர் பேசினால் முதலில் எது வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வராத ஒவ்வொரு நாளும் ஒரு நாள் தப்பித்தது போலவும், நாளைக்கு வரும் போலவும் இருக்கும்.

பேச்சில்லாத இந்த வருடங்களில் செய்த பெட்டிகளைத்தான் தேடி வாங்க ஓர் ஆள் வந்தார். அவர் ஓய்வுபெற்ற கண் டாக்டர். யாரோ ஒரு நோயாளி வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து, டயர் கிடங்கு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு, மூன்று. இருபத்து மூன்று பெட்டிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மல்துணியில் சுற்றி எண் போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார். நல்ல மனிதர். கேள்விதான் அதிகம்.

"இந்த வட்டத்தை ஏம்மா மூடாம விட்டுட்டீங்க? ஒரு ஓரம் திறந்தே இருக்கே?"

"தகடு பத்தல."

"போன வருஷப் பெட்டியிலயும் திறந்துதான் இருந்துச்சு."

"அதுலயும் பத்தல."

டாக்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒருமுறை அவள் பின்னறையில் இருக்கும்போது, பட்டறையில் டாக்டர் தன் புருஷனைக் கேட்பது காதில் விழுந்தது. "வரையறது நீங்களா, அவங்களா?"

"அவங்கதான். நான் செய்யறது வெறும் பெட்டி. எவன் வேணா செய்யலாம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். தன்னைப் பற்றி அவர் பேசிக் கேட்டு அத்தனை வருடம் ஆகியிருந்தது. குரல் கரகரத்திருந்தது. சொல்லி முடித்ததும் இருமினார். அந்த இருமல் இரண்டு வருடமாகவே இருந்தது. விடியற்காலையில் பட்டறைப் பாயிலிருந்து கேட்கும். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல அவளுக்கு வாய் இல்லை. நாத்தனாரிடம் சொல்லிவிடலாம் என்றால், அந்த ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அந்த வீட்டுக்குள் வைத்துச் சொல்ல நாக்கு எழவில்லை. தேன் வாங்கி ஸ்டூலில் வைத்தாள். காலிப் புட்டி திரும்பி வந்தது.

பதினோராவது வருடம் கண் டாக்டர் ஒரு போர்வைச் சுருட்டோடு வந்தார். ஏலத்தில் ஒரு பெட்டி கிடைத்தது, உங்கள் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒரு மூலையில் மட்டும் தகடு தூக்கியிருக்கிறது, நீங்களே சரிசெய்து தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவளுடைய மேசை மேல் வைத்துப் போர்வையை விலக்கினார்.

ஏழு வளைவு. இடம் தவறிய வட்டம்.

"உங்க பெட்டிகள்லயே இதுதாம்மா உச்சம். இதுக்கு ஈடு இல்ல. என்கிட்ட இருக்குற பெட்டிகளை வெச்சு ஒரு கண்காட்சி நடத்தப் போறேன், இதை வெச்சுத்தான் அதை ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர்.

அவள் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறையிலிருந்து புருஷனின் குரல் கேட்டது. "வெச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் ஆகும்."

அவள் திரும்பி வந்தபோது பெட்டி மேசையில் இல்லை. அவர் அதை எடுத்துத் தன் பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து மேலே சாக்கு போட்டிருந்தார். நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்க அவள் கற்றுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பகலில் மெருகு எண்ணெய் வாங்கப் போனவள், கடை பூட்டியிருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டாள். பட்டறை வாசலில் கால் வைத்தபோது அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் பெட்டி. கையில் அவளுடைய மெல்லிய கத்தி. அவளுடைய கருவிகளை இத்தனை வருடத்தில் அவர் தொட்டதில்லை. மூட்டு வீங்கிய தடித்த விரல்களால் அந்தக் கத்தியை எழுதுகோலைப் போலப் பிடித்துக்கொண்டு, தூக்கிய மூலைக்கு அடியில் விட்டுப் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இருமல் வரும்போதெல்லாம் கத்தியை வெளியே எடுத்துவிட்டு, மடித்த துண்டை வாயில் வைத்து இருமிவிட்டு, மறுபடி குனிந்தார். ஒரு விரலில் ரத்தம். தகட்டில் நகத்தளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. அவள் நிற்பதைப் பார்த்ததும், திருடும்போது பிடிபட்டவர் மாதிரி கத்தியை மேசையில் வைத்துவிட்டார்.

அந்தப் பெட்டியை அவள் தொட வேண்டியிருக்கக் கூடாது என்றுதான், அவள் வெளியே போகும் வேளை பார்த்துச் செய்திருக்கிறார். அவளுக்கு அது புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நகருங்க" என்றாள்.

அவர் அசையாமல் அவளையே பார்த்தார்.

"நகருங்கன்னு சொன்னேன். பசை இளகக் கத்திக்குச் சூடு அதிகமா காட்டியிருக்கீங்க, அதான் கீறிடுச்சு."

அவர் எழுந்து நின்றார். அவள் உட்கார்ந்து, கத்தியை ஈரத் துணியில் துடைத்து, மூலையைச் சுத்தம் செய்தாள். கீறலுக்கு ஒரு துண்டு வெட்டிப் பொருத்த அரைமணி நேரம் ஆனது. அதுவரை அவர் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். பிறகு பசையைச் சுடவைத்தார். பெட்டியைப் பொறியில் கொடுத்தார்கள். அவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். அவர் அரைச் சுற்றுத் திருகிவிட்டுத் தட்டினார். அவள் திருகவில்லை.

"அன்னைக்கும் நான் இங்கதான் நின்னேன்" என்றாள். "தூங்கிட்டா, நாலு பக்கத்தையும் பிடிச்சுடலாம்னு சொன்னது நான்."

"பசை இறுகுது. திருகு."

அவள் திருகினாள்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப ஏன் சொல்லல? அத்தனை பேர் முன்னாடி உங்களைச் சொன்னேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே."

அவர் தன் பக்கத்தைத் திருகினார். பார்வையைத் திருகிலிருந்து எடுக்காமலேயே பேசினார். "வாயைத் திறந்தா அதுதான் முதல்ல வரும் போல இருந்துச்சு. சொல்லிட்டா நீ தாங்க மாட்ட. இன்னைக்கு வராது, நாளைக்குப் பேசலாம்னு பார்ப்பேன். மறுநாளும் அது தொண்டையிலயே இருக்கும்."

"பதினோரு வருஷமாவா?"

"பழகிப்போச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "நான் தினமும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். எப்பச் சொல்லுவீங்க, எப்பச் சொல்லுவீங்கன்னு. சொல்லியிருந்தா அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டு அழுது தீர்த்திருப்பேன். அதோட போயிருக்கும்."

"போயிருக்காது" என்றார் அவர்.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. திருகை இன்னும் அரைச் சுற்றுத் திருகினாள். அவர் இரும ஆரம்பித்தார். இந்த முறை துண்டை எடுக்க நேரமில்லாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். வாங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு சுத்து…"

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அடுப்பில் பசைச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அடுப்பை அணைத்தது அவள்தான்.

மரத்தூள் நுரையீரலில் படிந்து, அதன் மேல் வேறொன்றும் வளர்ந்திருந்தது. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று இந்த டாக்டரும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஏற்கெனவே கேட்ட பாடத்தை மறுபடி கேட்பது போல இருந்தது.

ஐந்து மாதம் இருந்தார். பேச்சு வந்துவிட்டதே என்று நாத்தனார் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு நடந்தாள். ஆனால் அவர்களுக்குப் பேச அதிகம் இருக்கவில்லை. தண்ணி வேணுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா, அந்த உளிக்கு எண்ணெய் போட்டு வை, இவ்வளவுதான். பதினோரு வருடத்தில் விட்டுப்போனதை எல்லாம் எங்கே பிடித்துத் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவரைப் பின்னறைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "சில்லு இருந்தா இப்ப முப்பது" என்றார். மகள் பெயர் அவர்கள் பேச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். "முப்பது முடிஞ்சு மூணு மாசம்" என்றாள் அவள். அவர் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

பெட்டி செய்யத் தெரிந்தவர் போன பிறகு, மேலே பதிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. கண் டாக்டர் வேறு தச்சர் ஒருவரைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அவர் காரணம் கேட்க, "வேற ஆளோட கை எனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டாள். முன்னறையைச் சைக்கிள் பழுதுபார்க்கிறவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டாள். கோட்டு தைக்கும் கடை ஒன்றில் வாரம் மூன்று நாள் தாள் வெட்டும் வேலை கிடைத்தது. கண் முன்போல் இல்லை, ஆனால் கை மறக்கவில்லை. நாத்தனார் பெட்டி படுக்கையோடு வந்து அவளோடு தங்கிவிட்டாள். வீட்டில் காலை கண் விழித்ததிலிருந்து பேச்சுக்குக் குறைவில்லை.

கண்காட்சி நடந்தது. அவள் போகவில்லை. டாக்டர் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். பளபளக்கும் தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படம். பொதுவாக முன்னுரை போல இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி எதிரே உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'இந்தப் பதினோரு ஆண்டுகளில் செய்யப்பட்ட பெட்டிகளில் ஓர் ஆழ்ந்த அமைதி தெரிகிறது. நல்ல இல்லறத்தில் மட்டுமே விளையக்கூடிய அமைதி இது.'"

படித்துவிட்டு நாத்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"சரியா எழுதியிருக்கேனாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "தப்பு இருந்தா சொல்லுங்க. அடுத்த பதிப்புல திருத்திடலாம்."

அவள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். புருஷன் பெயர் மேலே, அவள் பெயர் கீழே, இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

"பேரு ரெண்டும் சரியா இருக்கு" என்றாள்.

டாக்டர் திருப்தியாக விடைபெற்றுப் போனார். நாத்தனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்கிட்ட?"

"என்னன்னு சொல்றது அண்ணி?"

வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். நாத்தனாரும் பின்னாலேயே போய், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, போர்வையை மடிக்க உதவினாள்.